பதிவேட்டில் ஒரு வரி

திருச்சியிலிருந்து வந்த விமானம்
இரவு பதினொன்று ஐம்பதுக்கு
முஹர்ரக்கில் இறங்கியது.
இறங்கியது என்பது காகிதத்துக்கான சொல்.
வால்பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள்
விழுந்தது என்றே போனில் சொல்லிக்கொண்டு போனார்கள்.
ஒரு குழந்தை மட்டும்
இன்னொரு தடவை என்று கேட்டதாம்.

அதுவரை வீசி வீசி அடித்த ஷமால்
செய்ததைச் செய்துவிட்டு
நல்லபிள்ளைபோல அடங்கிவிட்டது.
கடலின் புழுக்கம் ஏறிவந்து
சட்டையை முதுகோடு ஒட்டியது.

பதிவேட்டில் நீல மையில் ஒரு வரி:
'ஹார்டு லேண்டிங் என்று சந்தேகம். சோதிக்கவும்.'
சாய்ந்த கையெழுத்து. துணை விமானி நூஃபுடையது.
கேப்டனிடம் பேனா இருந்திருந்தால்
அந்த வரி வந்திருக்குமா, தெரியாது.
அவர் ஹோட்டல் வண்டியில் ஏறிவிட்டார்.

அவள் போகவில்லை.
படிக்கட்டின் கடைசிப் படியில்
தொப்பியை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள்.
'குறுக்குக் காற்று.
பூப்போல வைக்கப் பார்த்தால் ஓடுதளம் தீர்ந்துவிடும்.
அழுத்தி வைக்கத்தான் நினைத்தேன்.
கடைசிப் பத்தடியில்
நான் நினைத்தது எதுவும் என் கையில் இல்லை.'
தலையாட்டினேன்.
கைகளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்,
இரும்பைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
சக்கரக் குழிக்குள் தலையை நுழைத்தேன்.
தீய்ந்த ரப்பர். சூடு ஆறாத பிரேக்.
ஹைட்ராலிக் எண்ணெயின் ஊதா ஈரம்.
டயரில் வெட்டு இல்லை.
இறக்கைத் தோலில் சுருக்கம் இல்லை.
எரிபொருள் கசியவில்லை.
கீழே நின்று ரோடெல் ஒவ்வொன்றாய் டிக் அடித்தான்.
கருப்புப் பெட்டியின் எண்ணும் வந்துவிட்டது,
வரம்புக்கு உள்ளேதான்.
எண்ணை நம்பி டீ குடிக்கப் போயிருக்கலாம்.

வலது காலின் பின்பக்கப் பிடிமானத்தில்
ஒரு போல்ட்.
பூட்டியவன் அதன் தலைமேல் இழுத்த சிவப்புக் கோடு
பாதி போல்ட்டில், பாதி உலோகத்தில்.
இரண்டு பாதியும் சந்திக்கவில்லை.
எள்ளளவு என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்,
அன்றுதான் அதை அளந்து பார்த்தேன்.

துடைத்தேன். மறுபடி பார்த்தேன்.
எதை என்று சொல்லாமல்
ரோடெலை உள்ளே பார்க்கச் சொன்னேன்.
அவன் விரல் அங்கேயே போய் நின்றது.

எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
பாகம் துபாயிலிருந்து வரவேண்டும்.
திரும்பிப் போகவேண்டிய நூற்று அறுபத்தெட்டுப் பேருக்கு
சாண்ட்விச்சும் தண்ணீரும் கொடுக்கச் சொன்னார்கள்.

நாலரை மணிக்குப் பதினாலாம் வாயிலைக் கடந்தபோது
என் உடுப்பின் கறை காட்டிக்கொடுத்துவிட்டது.
ஒருவர் எழுந்து வழிமறித்தார்.
'விசா கேன்சல் ஆயாச்சு. எக்ஸிட்டும் குத்தியாச்சு.
வெளிய போனா இந்த ஊர் எனக்கில்ல,
மேல போகவும் வண்டியில்ல.
அப்படி என்னதான் கோளாறு?'

'ஒரு போல்ட்.'

'ஒத்த போல்ட்டுக்கா?'
பின்னால் யாரோ சிரித்தார்கள், யாரோ வைதார்கள்.
அவர் சிரிக்கவில்லை.
கொஞ்சம் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி,
'கோடு விலகிருச்சா?' என்றார்.

ஹித் கப்பல் பட்டறையில் பதினோரு வருஷம் ஃபிட்டராம்.
பெயர் வெள்ளைக்கண்ணு.

எவ்வளவு என்று கேட்டார்.
கட்டைவிரல் நகத்தின் ஓரத்தைக் காட்டினேன்.
அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு நாற்காலிகளுக்கு நடுவே துண்டை விரித்து
கைப்பையைத் தலைக்கு வைத்து
'மாத்தட்டும்' என்று சொல்லிப் படுத்துவிட்டார்.
நான் ஷட்டில் ஏறுமுன்பே குறட்டை கேட்டது.

நூஃபிடம் சொல்ல விட்டுப்போயிற்று.
அவள் வரிக்குக் கீழே என் வரி இருக்கிறது.
படித்துக்கொள்வாள்.