முதலில் ரத்தம்

பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டி
ஷூ கம்பெனி வேன் கவிழ்ந்த இடத்துக்கு
நாங்கள் போனபோது மணி ஆறு பன்னிரண்டு.
முனவ்வர் அண்ணன் பிரேக் போடுமுன் குதித்துவிட்டேன்.

சாலையெங்கும் டிபன் டப்பாக்கள்.
கவிழ்ந்த செருப்பொன்றின்மேல்
இன்னும் ஆவி பறக்கும் எலுமிச்சைச் சோறு.

நெற்றி உடைந்த பையன் ஊரைக் கூட்டிக் கத்துகிறான்.
அவனைச் சுற்றி இருபது பேர், மூன்று சோடா பாட்டில்.
கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது.
கத்தட்டும்.

டயரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள்
"எனக்கொன்னும் இல்லக்கா, அவங்கள பாரு" என்றாள்.
சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டாள்.
அந்தக் கொட்டாவிதான்
என் வயிற்றைப் பிசைந்தது.

சிலர் நம் பாலாறு மாதிரி.
மேலே காய்ந்த மணல்,
கைவிட்டால் ஓட்டம்.
மெரூன் நிறச் சீருடைப் புடவை
எதையும் காட்டிக்கொடுக்கவில்லை.
தொடைக்கு அடியில் விரல் நுழைத்தேன்.
சூடு.

"மூச்சில்லாம கெடக்கறான் ஒருத்தன்,
நீ இன்னா கால கட்டினு கீற?"
முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

மூச்சுதான் முதலில் என்று
மனப்பாடம் செய்து பாஸானவள் நான்.
பிறகு மாற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள்:
பீச்சும் ரத்தம் அதற்கும் முன்னே.
ஓட்டைத் தொட்டிக்குள்
எதை நிரப்பி என்ன?

கத்தரியால் துணியைக் கிழித்து
முழங்காலை ஊன்றி அழுத்திக்கொண்டே
காயத்துக்கு மேலே பட்டையைச் சுற்றினேன்.
குச்சியைத் திருகினேன்,
இன்னொரு திருகு.
அவள் என் அம்மாவை இழுத்துத் திட்டினாள்.
அப்பாடா.
திட்ட ஆள் இருக்கிறாள்.
பீச்சல் கசிவானது, கசிவு நின்றது.

பேர் கேட்டேன். பூங்காவனம்.
நெற்றியில் பொட்டு அழிந்த இடத்தில்
மார்க்கர் பேனாவால் எழுதினேன்:
6.15.

வேலூரில் ஸ்ட்ரெச்சரைக் கைமாற்றும்போது
டாக்டர் என்னை எதுவும் கேட்கவில்லை.
அவள் நெற்றியைப் படித்தார்.
"தியேட்டர்" என்றார். கதவு ஆடி நின்றது.

பிறகு நானும் முனவ்வர் அண்ணனும்
வண்டியின் தரையைக் கழுவினோம்.
இரண்டு வாளி. மூன்றாவது வாளியிலும் சிவப்பு.

மூச்சில்லாமல் கிடந்தவனை
இறங்கியதுமே பார்த்திருந்தேன்.
கழுத்தில் இரண்டு விரல் வைத்து,
எடுத்து, நகர்ந்திருந்தேன்.
அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.
மூன்று சொல்தான் ஆகியிருக்கும்.

அந்தக் குரல்
அண்ணனுடையதா, கூட வேலை பார்த்தவனுடையதா,
திரும்பிப் பார்க்கவில்லை.
இன்னும்
முதுகுக்குப் பின்னால்தான் நிற்கிறது.