ஏழாவது கட்டம்

இரவு இரண்டு இருபது.
தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு.
பன்னிரண்டாம் கட்டிலில் சொட்டு எண்ணுகிறேன்:
நிமிடத்துக்கு இருபத்தெட்டு.

கோட்டுப் பையில் நாலாக மடித்த விண்ணப்பம்.
ஆறு கட்டம் நிரப்பியாயிற்று.
மாதேஸ்வரி என்ற பெயருக்கே
அவர்கள் கொடுத்த இடம் போதவில்லை.
ஏழாவது:
ஏன் மருத்துவராக விரும்புகிறீர்கள்,
முந்நூறு சொற்களில், ஆங்கிலத்தில்.

"சேவைன்னு எழுதும்மா" என்றார் ஏஜென்ட்.
கிருஷ்ணகிரி பஸ் நிலையத்துக்கு எதிர் மாடி.
சுவரில் பனி மூடிய கட்டடம்.
அந்த ஊர்ப்பெயரை மூன்று முறை சொன்னார்,
மூன்று முறையும் வேறு வேறாகக் கேட்டது.
"மைனஸ் இருபதுதான். ஹீட்டர் இருக்கு. சாம்பாரும் இருக்கு."

அப்பா சாம்பாரைப் பிடித்துக்கொண்டார்.
பஸ்ஸில் அதையே பேசிவந்தார்.
இருபத்தாறு லட்சத்தைப் பற்றிக்
காவேரிப்பட்டணம் தாண்டும்வரை வாய் திறக்கவில்லை.
தாண்டியதும்,
"மேட்டுக்காட்டுல மாமரம் ஐம்பத்தெட்டா, அறுபதா?"
தெரியாமல் கேட்கவில்லை.

ஓசூரிலிருந்து அண்ணன் போனில்:
"நர்ஸா போனா ஜெர்மனிக்காரன் காசு குடுத்துக் கூப்பிடறான்.
டாக்டருக்குப் படிக்க நாம காசு குடுத்துப் போவணும்.
ரெண்டும் ஏரோப்ளேன்தான். நீயே சொல்லு."
சொல்லவில்லை.

நீட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும்.
இது மூன்றாவது.
ஒவ்வொரு குப்பியிலும் காலாவதித் தேதி பார்
என்று கற்றுத்தந்தவர்கள்
மதிப்பெண்ணுக்கும் ஒன்று உண்டென்று சொல்லவேயில்லை.

போட்டோக் கடையில்
"பல்லு தெரியாம சிரிங்க" என்றான்.
அவனும் வாயை மூடித்தான் சிரித்தான்.
எங்கள் பக்கத்து போர்த் தண்ணீர்
எல்லார் பல்லிலும் பழுப்புக் கோடு போட்டிருக்கிறது.
பனி ஊரில் யாராவது கேட்டால்
ஃப்ளோரைடு என்பேன்.
இரண்டாம் வருடத்தில் ஐந்து மார்க் கேள்வி.

போன வாரம்
பாலக்கோட்டுப் பக்கம் தக்காளிக்குத் தண்ணீர் கட்டப்போன
ராசக்காவைக் கொண்டுவந்தார்கள்.
கடிவாயில் வீக்கமில்லை.
"தூக்கமா வருது கண்ணு" என்றாள்.
தூக்கமில்லை அது.
இமையைத் தூக்க முடியவில்லை அவளால்.
போய்ச் சொன்னேன்.
"பாக்கறேன் சிஸ்டர்" என்றார் பயிற்சி மருத்துவர்,
செல்போனிலிருந்து கண்ணெடுக்காமல்.

பதினோரு நிமிடம்.
எண்ணுவதுதானே என் வேலை.

பிறகு அவரும் ஓடினார், நான் ஓடினேன்,
விஷமுறிவு, மூச்சுக்குழாய், ஐசியூ.
ராசக்கா பிழைத்தாள்.
கேஸ் ஷீட்டில் 'இமை தாழ்ந்துள்ளது' என்று
அவர் கையெழுத்து.
நேரம் மட்டும்
பதினோரு நிமிடம் தள்ளி.

அவரேதான் நேற்று ஊசியோடு வந்து நின்றார்:
"வெயின் கிடைக்கல சிஸ்டர், நீங்க பாருங்களேன்."
குத்திக் குத்திக் கறுத்த கை.
தட்டவில்லை. கண்ணை மூடி
விரல் நுனியால் மெல்லத் தேடினேன்.
முதல் குத்திலேயே ரத்தம் திரும்பியது.
"எப்படி?" என்றார்.
அதைச் சொல்லித்தர எனக்குத் தெரியவில்லை.
ஆறு வருடம் தடிப் புத்தகத்தோடு கிடந்தால்
விரல் இதை ஞாபகம் வைத்திருக்குமா
என்பதும் தெரியவில்லை.

சேவை என்று எழுதக் கை வரவில்லை.
ஆசை என்று எழுதலாம்.
நான் சொன்னால் உடனே எழுந்திருக்க வேண்டும் யாராவது,
அந்த ஆசை.
பதினோரு நிமிடம் என்று மட்டும் எழுதலாம்.
ஆங்கிலத்தில் இரண்டு சொல்.
மிச்சம் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டுக்கு
எங்கே போவது?

பக்கத்து மேசையில் நஸ்ரீன்
ஜெர்மன் புத்தகத்தின் மேல் தலைசாய்த்துத் தூங்குகிறாள்.
வலி என்பதற்கு அந்த மொழிச் சொல்லை
கன்னத்தில் அச்சாக்கிக்கொண்டு எழுவாள்.

பன்னிரண்டாம் கட்டில் புரண்டது.
"டாக்டரம்மா, தண்ணி."
நர்ஸ் என்று திருத்துவேன் வழக்கமாக.
தண்ணீர் கொடுத்தேன்.

பாட்டில் முடிந்துவிட்டது. மாற்றினேன்.
விண்ணப்பத்தைத் திரும்ப மடித்துவைத்து
வார்டு நோட்டில் எழுதினேன்:
மூன்று பத்து.
கடிகாரத்தை இன்னொரு தடவை பார்த்தேன்.
மூன்று பதினொன்று. அடித்துத் திருத்தினேன்.