அங்கர் ரின்

கொழும்பிலிருந்து பேசுகிற பிள்ளை
வீதிப் பெயர் கேட்கும், வீட்டு இலக்கம் கேட்கும்.
மறுமுனையில் பொடியன் சொல்கிறான்:
"முந்திச் சென்றி இருந்த சந்தி தெரியுந்தானே,
அதில இருந்து இடக்கைப் பக்கம்.
மில் எரிஞ்ச வளவுக்கு அங்கால
லைற் அடிச்சுக்கொண்டு நிப்பன்."
சென்றியைக் கழற்றிக் கன வருசம்.
மில் நின்ற இடத்தில் இப்போது தேக்கங்கன்றுகள்.
எனக்கு வழி விளங்கிவிட்டது.
இந்த வேலைக்கு வந்த முதல் மாதம்
இல்லாதவற்றைத்தான் பாடமாக்கினேன்.

மார்கழி. நொச்சிக்குளம் வான் பாய்கிறது.
கரிப்பட்டமுறிப்பு தாண்டித் தார் முடிந்து
கிரவலும் முடிந்து
தண்ணீர் தொடங்கியது.
றோட்டு எது, வாய்க்கால் எது, வெளிச்சத்துக்குத் தெரியவில்லை.
துஷாந்தி சப்பாத்தைக் கழற்றி இறங்கி நடந்து பார்த்தாள்.
முழங்காலுக்கு மேல்.
"அண்ணை, இது சரிவராது."
மேல் விளக்கைச் சுழல விட்டுக்கொண்டு நின்றோம்,
அவர்கள் எங்களைக் கண்டுபிடிக்கட்டும் என்று.

உழவு மெசின் பெட்டியில் வந்தார் குலசிங்கம்.
வைக்கோல், அதன்மேல் படங்கு, அதன்மேல் அவர்.
பன்றிக் காவலுக்குக் கொட்டிலில் நிலத்தில் படுத்தவர்.
கடிவாய் தெரியவில்லை. வயிற்றுக்குத்து என்றார்.
மடியில் ஒரு அங்கர் ரின், மூடியைச் சுற்றி நைலோன் கயிறு.
"பாம்பு உள்ளுக்கை. அடிச்சுப் போட்டம்.
டொக்டர் கேப்பாரெல்லே."

ஓட்டுகிறவனுக்குப் பின்பக்கம் என்பது
குரல் மட்டும்.
"ஐயா, கண்ணைத் திறவுங்கோ. எத்தினை ஏக்கர்?"
"மூண்டு."
"என்ன நெல்லு?"
"ஆட்டக்காரி."
"மூட்டை என்ன விலை போகும்?"
அதற்கு நாலு கெட்ட வார்த்தை, தெளிவாக.
பிறகு மறுமொழி குறைந்தது.
ஒரு விரலால் இமையைத் தூக்கிப் பிடித்தபடி
வரம்பு, வாய்க்கால், உரம், மகளின் கலியாணம்,
அவள் கேட்டுக்கொண்டே வந்தாள்.
ஒவ்வொரு குழியிலும் ரின் உருண்டு
கதவில் இடித்தது.

ஒலுமடுவுக்குக் கிட்ட ஒற்றை யானை
றோட்டின் நடுவில்.
சைரன் அடிக்கக் கூடாது. லைற்றைத் தாழ்த்திவிட்டு இருந்தேன்.
மூன்று நிமிசம்.
பின்னால் கேள்வி நின்று
பை அமுக்கும் சத்தம் தொடங்கியது.

மாங்குளத்தில் அவரை உள்ளே எடுத்துக்
குழாய் போட்டு மூச்சை மெசினிடம் கொடுத்த பிறகு
இளம் டொக்டர் ரின்னைத் திறந்து
டோர்ச் அடித்துப் பார்த்தா.
"இது சாரைக்குட்டி."
சாரை கடித்து ஒருவருக்கும் இமை விழாது.
துஷாந்தி என்னைப் பார்த்தாள்.
கடித்தது இன்னும் கொட்டிலில்.
கொட்டிலில் அவர் மனுசி தவமணி, பொடியன்.

அழைத்தோம். தொடர்பு இல்லை.
திரும்பவும் இல்லை.
கொழும்பைக் கேட்டேன், ஒருக்காப் போயிட்டு வரட்டோ என்று.
"கேஸ் நம்பர் என்ன, அண்ணா?"
இன்னும் நடக்காத கேஸுக்கு
நம்பர் இல்லை.
அந்தப் பிள்ளை கொஞ்சம் பேசாமல் இருந்தது.
பிறகு புது நம்பர் ஒன்று சொன்னது:
கனகராயன்குளம், பிள்ளைப்பேறு, பன்னீர்க்குடம் உடைஞ்சிட்டுது.
எதிர்த்திசை.

போனோம்.
வழி நெடுக துஷாந்தி போனை அழுத்திக்கொண்டிருந்தாள்.
பத்தாவதோ பதினோராவதோ தரம், மணி போனது.
"குளக்கட்டில ஏறி நிக்கிறம் பிள்ளை, சிக்னல் தேடி.
அவருக்கு என்ன மாதிரி?"
மருந்து ஏறுது, மூச்சு மெசினில, என்றாள். பொய் சொல்லவில்லை.
அடிச்சது வேற பாம்பு அம்மா,
விடியுமட்டும் கொட்டிலுக்கை போகாதேங்கோ.
வான் பாய்கிற இரைச்சல் மட்டும் கேட்டது, கன நேரம்.
வைத்துவிட்டா என்று நினைத்தோம்.

"பிள்ளை,
அந்த ரின்னை எறிஞ்சு போடாதேங்கோ.
விதைப்பயறு போட்டு வைக்கிறது."

ரின் மாங்குளத்தில், மேசைக்குக் கீழே, மூடி வேறாக.
சாரையும் உள்ளே.
எட்டு மணிக்கு முன்னம் போய் எடுக்க வேணும்,
கூட்டுகிறவர்கள் வந்துவிடுவார்கள்.