கம்பி

எம்பிப் பார்த்தாலும் வானம்
ஒரு முழத்துக்கு மேல் தெரியாத சந்து.
தாராவியில், தொண்ணூறடி ரோட்டிலிருந்து மூன்றாவது திருப்பம்,
பை தைக்கும் சாகுல் பாய் பட்டறைக்கு மேல்மாடி.
இருபதாம் தேதி. இரவு எட்டரை.
ஒன்பது கடைகளின் ஜிஎஸ்டி கணக்கு
என் மடியில்.

பழைய விண்டோஸ் நத்தையாகிவிட்டதென்று
லேமிங்டன் ரோட்டுக் கொழுந்தன் ஜெபஸ்டின்
நேற்று லினக்ஸ் போட்டுத் தந்தான்.
"ஓசிச் சரக்குதான் மைனி, ஆனா குதிரை."
குதிரைதான்.
பதினொரு நொடியில் கண் விழித்தது,
தமிழில் வணக்கம் சொன்னது.
புது வீட்டில் எல்லாம் இருந்தது,
வாசல் வைக்கத்தான் மறந்திருந்தார்கள்.

வைஃபை அடாப்டர் காணப்படவில்லை என்றது.
காணப்படவில்லையா?
உன் அடிவயிற்றில்தானே கிடக்கிறது
எட்டு வருஷமாய், இரண்டு திருகாணியோடு.

தாதர் தாண்டும் ரயிலில் தொங்கியபடி ஜெபஸ்டின் கத்தினான்:
"அந்தச் சிப்புக்கு டிரைவர் தனியா இறக்கணும்."
எங்கிருந்து?
"நெட்டிலிருந்துதான்."
பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம்,
கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்.

செல்போனைக் கேபிளில் கோத்தேன்.
சார்ஜ் மட்டும் ஏறியது.

எதிர்ச் சன்னலில் சுலபா.
ஐந்து வருஷத்தில் நாங்கள் பேசியதெல்லாம்
தண்ணீர் வந்துவிட்டதா, இல்லையா.
எனக்குத் தெரிந்த மராத்தி முழுவதையும் செலவழித்தேன்.
அவள் டிவியில் மங்களசூத்திரம்
மணப்பெண்ணின் கழுத்தருகே வந்திருந்த நேரம்.
பெருமூச்சுவிட்டுப் பிடுங்கினாள்.

முதல் வீச்சு சாக்கடையில்.
இரண்டாவது பாயின் தகரக் கூரையில்.
மூன்றாவதைப் பிடித்து
நைட்டியில் துடைத்துச் செருகினேன். க்ளிக்.
கம்பியில்லா இணைப்புக்கு
சந்தின் குறுக்கே ஒரு மஞ்சள் கம்பி.
தலையில் தோல்கட்டோடு வந்தவர்
குனிய முடியாமல் நின்று அண்ணாந்து பார்த்தார்.
உயர்த்திப் பிடித்தேன். போனார்.

ஜெபஸ்டின் எஸ்எம்எஸ்ஸில் அனுப்பிய வரியை அடித்தேன்.
ஓர் இடைவெளி விட்டுப்போனதற்கு
அப்படி ஒரு வசவு.
கோபமில்லை. பைசா இடறினால்
நானும் இப்படித்தான் கடைக்காரர்களை.

பிறகு வந்தார்கள், ஒவ்வொருவராய்:
சாய்கிருபா 2
பப்பு கா வைஃபை
முத்தாரம்மன் துணை
கேட்காதே
கேட்காதே 5ஜி
எல்லார் பக்கத்திலும் குட்டிப் பூட்டு.
இத்தனை பேர் என் சுவர் வழியே
போய்வந்துகொண்டா இருந்தார்கள்?
கடைசியில் என்னுடையது,
கம்பெனி இட்ட எண்ணோடு, பெயர்கூட வைக்காமல்.

பதினொன்று நாற்பத்தொன்றுக்கு
ஒன்பதாவது கடையும் ஏறியது.
அப்படியே சாய்ந்துவிட்டேன்.

காலையில் கம்பியில் இரண்டு பனியன்,
ஒரு பள்ளிக்கூடப் பாவாடை.
யார் வீட்டுடையவையோ.
அந்தக் கல்யாணம் நடந்ததா என்று
சுலபா என்னைக் கேட்கிறாள்,
என்னை.