பதினோராம் நாள்

அந்தக் கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டவள் நான்தான்.
திங்கட்கிழமை மாலை.
வாஷிங்டனில் பணத்துக்கு ஒப்புதல் ஆகவில்லை.
ஒரு கொண்டி, நான்கு திருகாணி, ஒரு பித்தளைப் பூட்டு,
'மறு அறிவிப்பு வரும்வரை' என்று ஒரு காகிதம்.
சாவியை உறையிலிட்டு ஒப்படைத்துவிட்டுப் போய்
சீருடையை ஆணியில் மாட்டினேன்.

விடுப்பில் அனுப்பப்பட்டவர் வேலை செய்யக் கூடாது.
சும்மா செய்தாலும் குற்றம்.
ஆனால் சுற்றிப் பார்க்க வரலாம்.
பூங்காவின் வாசலைத்தான் யாரும் சாத்தவில்லையே.

பதினோராம் நாள் வந்தேன்.
பழைய டொயோட்டாவில் இருபது லிட்டர் தண்ணீர்,
தொட்டி முட்ட பெட்ரோல், அடுத்த பங்க் எழுபது மைல்,
மடிப்பில் கிழிந்த காகித வரைபடம்,
ஆரஞ்சுத் தோலுக்கென்று தனியாக ஒரு பை.
எத்தனை மணிக்குள் வராவிட்டால் தேட வேண்டும் என்று
வெர்லீன் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டு வந்த சீட்டு.
கூப்பிட்டால் வர ஆளில்லாத பாலைவனத்தில்
கணுக்காலைக்கூட
இரவல் வாங்கிய பொருள்போலத்தான் எடுத்து வைக்கவேண்டும்.

குப்பைத் தொட்டி வாய் பிளந்து கிடந்தது.
அண்டங்காக்கை ஒன்று
மயோனைஸ் உறையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தது.
தொடாதே என்று கைகளைக் கட்டிக்கொண்டேன்.
கை கேட்கவில்லை.
இரண்டு மூட்டை, டிக்கியில்.
வேண்டுமானால் இதையும் எழுதிக்கொள்ளட்டும்.

உப்புவெளியில் யாரோ வண்டியை இறக்கி
வட்டமடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
மேலோடு நொறுங்கி உள்ளே ஈரச் சேறு.
மழை வந்து கரைத்து மறுபடி இறுகும்வரை அது அப்படியே இருக்கும்.
இங்கே மழையை விரல்விட்டு எண்ணலாம்,
விரல் மிஞ்சும்.

அப்போதுதான் அந்த வேன் வந்தது.
ஃப்ரெஸ்னோவிலிருந்து, பெயர் ஓஸ்வால்டோ.
பின்னிருக்கையில் ஆறு வயது மகள்,
முழங்கால்களை இடுக்கிக்கொண்டு.
கதவை ஆட்டிப் பார்த்தார்.
பிறகு பாறைப் பக்கம் பார்த்தார்.
அந்தப் பாறைக்குப் பின்னால்
ஏற்கெனவே வெள்ளைக் காகிதம் பூத்திருந்தது.

என் கை நெஞ்சுக்குப் போயிற்று, பேட்ஜ் இருந்த இடத்துக்கு.
சட்டைப் பொத்தான்தான் அகப்பட்டது.

மடக்கு வாளியை எடுத்தேன்,
அதில் விரிக்கும் பையை, இறுகவைக்கும் தூளை.
வேனின் இரண்டு கதவுகளும் என் போர்வையும் சேர்ந்து
ஓர் அறையாயிற்று.
"முடிச்சுப் போட்டு நீங்களே கொண்டுபோகணும்,
ஊர் வரைக்கும்."
அவர் சிரிக்கவில்லை. சரி என்றார்.

போர்வைக்குள்ளிருந்து குரல்:
"யாருப்பா அதைப் பூட்டுனது?"

"அரசாங்கம்" என்றார்.

நான் தண்ணீர்க் குடுவையின் மூடியைத் திறந்தேன்,
திரும்ப மூடினேன்.
கதவில் நான்கு திருகாணிகளும் வெயிலில் மின்னின.
ஒன்று கோணலாக இறங்கியிருக்கிறது.
இன்றைக்குத்தான் கவனித்தேன்.