மெல்லிசா, தடிமனா

நாலரைக்கு ஹம்சா காக்கா சட்டியில் எண்ணெய் ஊற்றுவார்.
நாலே முக்காலுக்கு மூடுபனி
ஓட்டுப்பட்டறைப் படிக்கட்டில் ஏறி வரும்,
எங்களைப்போலவே பாதியில் நின்று மூச்சு வாங்கும்.
அதற்குள் கூடிவிடுவோம்
கையில் குடை, சில்லறை,
வாயில் நேற்று முடியாத சண்டை.

மெல்லிசா தடிமனா
என்பதுதான் சண்டை.

சகாயநாதன் சார் மெல்லிசுக் கட்சி.
வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம்
அளவு பார்த்தவர்.
ஒரு சிப்ஸைத் தெருவிளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து
"வெளிச்சம் தெரியணும், தெரியுதா?" என்பார்.
தெரியும்.
அவர் விரல் நடுங்குவதும் தெரியும்.
அதை யாரும் சொல்ல மாட்டோம்.

ஹாலன் அண்ணனுக்குத் தடிமன்.
கேத்தியில் கிழங்கு போடுகிறவர்.
"நாலு மாசம் மண்ணுக்குள்ள கெடந்தது,
நாக்குல கொஞ்ச நேரமாவது இருக்கட்டும்."
இந்த வருடம் மூட்டை என்ன விலை போச்சு
என்று கேட்டால் மட்டும்
ஒரு கைப்பிடி வாயில் போட்டுக்கொள்வார்.
மெல்லுகிறவரிடம் பதில் வாங்க முடியாது.

யோகம்மா எதிலும் சேராது.
நேந்திரம் வாங்கிக்கொண்டு நடுவில் நின்று
கரடி சொல்லும்.
தண்ணித் தொட்டிப் பக்கம் ஒரு கரடி,
பேக்கரிக் கதவை இழுத்த இன்னொன்று,
இன்றைக்குக் குட்டியோடு மூன்று.

செவ்வாய்க்கிழமை பேச்சு நின்றது.
அருளாயி வீட்டுப் பிரிசில்லா
மேட்டுப்பாளையம் பஸ்ஸில் வந்து இறங்கி
இரண்டு பெட்டியோடு படி ஏறினாள்.
பண்டிகை இல்லை. லீவு இல்லை. கூட அவர் இல்லை.
தோளில் கட்டைப்பை,
அதில் திருப்பூரில் வாங்கிய ஆறு சிப்ஸ் பாக்கெட்,
ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும் கொஞ்சம் கொஞ்சமாய் உப்பி
இப்போது தலையணை மாதிரி,
வெடிக்கப் பார்த்துக்கொண்டு.

எங்கள் லைனில் சுவர்கள் மெல்லிசு.
ஏழு மணிக்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.
தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது
என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் அவளும் வந்து நின்றாள்,
சால்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு.
"எப்ப வந்தே" கேட்கலாம்,
அதன் வாலைப் பிடித்து "எப்ப போறே" வந்துவிடும்.
யோகம்மா தொண்டையைக் கனைத்தது.
அதன் செருப்பை மிதித்தேன்.
கரடிகூட அன்று வரவில்லை.

சகாயநாதன் சார்தான்,
முப்பத்தோரு வருடம் பொறி விழாமல் பார்த்துக்கொண்டவர்,
"ஏம்மா, பாக்கெட் எதுக்கு உப்புது?" என்றார்.
"உள்ள இருக்கிற காத்து அதே காத்துதான் சார்.
மேல வந்தா வெளிய இருந்து அழுத்தறது குறையுது,
அது கைகாலை நீட்டிக்குது."
"அப்ப கீழ போனா?"
"சுருங்கிரும்."

சொல்லிவிட்டுச் சட்டியைப் பார்த்தாள்.
நாங்களும் சட்டியைப் பார்த்தோம்.
எண்ணெய் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"மோளே," என்றார் காக்கா,
"மெல்லிசா, தடிமனா?"

"மரவள்ளி.
தடிமன். மிளகாய்த்தூள் தூக்கலா."

போதும், சண்டை எழுந்துகொண்டது.
மரவள்ளி பல்லை உடைக்கும் என்றார் சார்.
அதைக் கிழங்குக் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன்
என்றார் ஹாலன் அண்ணன்.
உங்க உருளை பத்து நிமிஷத்துல பனி குடிச்சு
ஈரத்துணி ஆயிரும்,
மரவள்ளிதான் வீடு வரைக்கும் தாங்கும்
என்று அவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள்,
சால்வை நழுவி விழ.
மூன்று கரடியும் திரும்பி வந்தன.

இது நடந்து இரண்டு மாதம்.
பாக்கெட் ஆறும் அருளாயி வீட்டு ஜன்னலில்
இன்னும் உப்பியபடிதான் இருக்கின்றன.
யாரும் பிரிக்கவில்லை.
காக்கா இப்போது அவளைக் கேட்பதில்லை.
படியில் தலை தெரிந்ததும்
பேப்பரைக் கூம்பாய்ச் சுற்றி மரவள்ளியை அள்ளுகிறார்.

என்னை மட்டும் இன்னும் கேட்கிறார்,
பதினாறு வருடமாக.
எனக்குப் பிடித்தது
கண்ணாடிப் பெட்டியின் அடியில் சேரும் தூள்,
எல்லாக் கட்சியும் நொறுங்கிக் கலந்தது.
கேட்க வெட்கம்.
"மெல்லிசு" என்று சொல்லி
வாங்கிக்கொண்டு போகிறேன்.