ஆட்டம்

ஞாயிறன்று வண்டி வாங்கப் பத்தூமியிலிருந்து ஆள் வருகிறான்.
அதற்குள் இந்த இடப்பக்க இழுப்பு போயாக வேண்டும்.
வியாழன் காலை, குத்தாயிசியில் மழை.
ஜாக்கி ஏற ஏற வோல்காவின் மூக்கு
எதையோ மோப்பம் பிடிப்பதுபோல் மேலே போனது.

மேலே ஒரு கை, கீழே ஒரு கை,
சக்கரத்தைப் பிடித்து உலுக்குகிறேன்.
டொக். டொக்.
பல் ஆடுகிற பிள்ளை வாயைத் திறந்து காட்டுவதுபோல்
அறுபத்து நான்காம் வருடத்து இரும்பு
வெட்கமில்லாமல் காட்டுகிறது.

கிங்பின், என்கிறான் பத்ரி, குனியக்கூட இல்லை.
இருக்காது, என்கிறேன்.
நாலு வருடம் முன்பு முர்மன் மாற்றினானே.
புது கிங்பின் இரண்டு, வெண்கல புஷ் நான்கு,
கடைசல் கூலி தனி.
என் தையல் மிஷினை விற்ற காசு.

பத்ரி பதில் சொல்லவில்லை.
காதில் செருகிய சிகரெட்டை
அடுத்த காதுக்கு மாற்றினான்.

பூட்டாணி வந்துவிட்டது. கிங்பின் வரவில்லை.
டீசல் ஊற்றி ஊறவிட்டு கச்சாபுரி தின்றோம்.
பித்தளைத் தண்டை அடியில் வைத்து அவன் அடித்தான், நான் அடித்தேன்.
சூடு காட்டினோம். கெட்ட வார்த்தை காட்டினோம்,
மெக்ரேலிய மொழியில் அவனிடம்
என்னுடையதைவிட நல்லவை இருந்தன.
நாலரை மணிக்கு
ஒரு விரற்கடை நகர்ந்தது,
பிறகு இன்னொன்று,
பிறகு மொத்தமாய் விழுந்து உருண்டு
வடிகால் ஓரம் போய் நின்றது.

இடுப்பு தேய்ந்திருந்தது. பழையதேதான்.
தலையில் தொழிற்சாலை முத்திரை இன்னும் அழியவில்லை.
புஷ்ஷுக்கும் அதற்கும் நடுவே
சுருட்டிச் செருகிய தகரப் பட்டை ஒன்று.
துணியால் துடைத்தேன்.
நீலம் வந்தது. வெள்ளை வந்தது.
இனிப்புப் பால் டப்பா.

பத்ரி எழுந்து போய் மழையைப் பார்த்தான்.
பார்க்க அங்கே ஒன்றுமில்லை,
நல்ல மனிதன்.

நினைவிருக்கிறது. அந்த வாரம் முழுக்க
என் காப்பியில் இனிப்புப் பால் ஊற்றித் தந்தான் முர்மன்.
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், என்று.
டப்பாவைக் காலி செய்ய
அவனுக்கு ஆள் தேவைப்பட்டிருக்கிறது.

வெட்டு என்னவோ சுத்தம். ஓரத்தில் பிசிறே இல்லை.
நாலு வருடம் இது
என்னையும், ஒருமுறை பக்கத்து வீட்டு மூன்று பன்றிக்குட்டிகளையும்
சுமந்துகொண்டு
ஜெஸ்டாபோனி வரை போய் வந்திருக்கிறது.
சிரிப்புத்தான் முதலில் வந்தது.
அவன் இப்போது போத்தித் துறைமுகத்தில்
யாருடைய கப்பலுக்கு என்ன செருகிக்கொண்டிருக்கிறானோ.

வெள்ளிக்கிழமை ஷோரேனாவின் கடைசல் பட்டறை.
புஷ்ஷை அழுத்தி ஏற்றினாள்,
கிரீஸ் துளைக்கு நேர் துளை பார்த்து.
உள்ளே சீவினாள், ஊதினாள், மறுபடி சீவினாள்.
புதுப் பின் கட்டைவிரல் தள்ளலுக்கு
அரை மனசாய் இறங்கியது.
அப்படித்தான் இறங்க வேண்டும், என்றாள்,
விழக் கூடாது.

மேலும் கீழும் பிதுங்கும்வரை கிரீஸ்.
உலுக்கினேன். சத்தமில்லை.

சனிக்கிழமை, ரியோனி ஆற்றங்கரைச் சாலை.
வண்டி நூல் பிடித்தாற்போல் போகிறது.
என் கைகளுக்குத்தான் அது தெரியவில்லை.
இல்லாத இழுப்பை எதிர்த்து
வலப்பக்கம், வலப்பக்கம் என்றே திருப்பி
சுர்ச்கேலா விற்கும் பெண்ணின் மேசைவரை போய்விட்டன.
அவள் திட்டிக்கொண்டே மேசையைத் தூக்கினாள்.
பிடியைத் தளர்த்து, என்றான் பத்ரி.
தளர்த்தியாயிற்று என்றுதான்
நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு.
வந்தவன் ஜாக்கி கேட்டான்.
மேலே ஒரு கை, கீழே ஒரு கை.
நெடுநேரம் உலுக்கினான்.
கோட்டுப் பைக்குள் என் விரல்
தகரத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

முன்பக்கம் வேலை பார்த்திருக்கிறதா, என்றான்.
இரண்டு தடவை, என்றேன்.